வெளிப்பக்கம் திறக்கும் கதவு

ஏனுங்க,

போனில் பேசினால் பாப்பா காதில் விழுகிறது. அதனால்தான் உங்கள் போர் போடுகிற ரிக் வண்டிக்குச் சாமான் கொண்டுவருகிற ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் ரூம் கதவுக்குப் புது நிலவுக்கால் வைத்தாகிவிட்டது. பழையதை அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கடப்பாரையால் நெம்பியதில் சுவரோடு பெயர்ந்துவிட்டது. உள்ளே தாழ் போட்டு, கட்டிலையும் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நான் எழுதமாட்டேன்.

கதவு ஹால் பக்கமாகத் திறக்கிற மாதிரி நிலவுக்காலைத் திருப்பி வையுங்கள் என்று ஆசாரியிடம் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊட்டுக்குள்ள ஆருங்க அப்படி வெப்பாங்க? லட்சுமி தங்கமாட்டாளுங்க."

"எம்புள்ள தங்குனாப் போதுங்க."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவர் உளியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். உள்தாழ்ப்பாளும் வேண்டாம் என்றேன். அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று போனில் அவளை என்ன சொன்னீர்கள் என்று இனிக் கேட்கமாட்டேன். மார்க்கு, காலேஜ் என்று எதையும் எடுக்காமல், சும்மா வந்து அவள் பக்கத்தில் உட்காருங்கள். எனக்குத் தனியாக முடியவில்லை.

சாயங்காலம் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாழ்ப்பா எங்கம்மா?" என்றாள்.

"மழைக்கு மரம் ஊதிக்கும், தாழ் உழுகாது சாமி" என்றேன்.

நம்பியதுபோலத் தலையாட்டினாள். அன்றைக்கும் இப்படித்தான், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

வந்துவிடுங்கள்.

பாப்பாவின் அம்மா