சக்கரத்தில் போன நேர்த்தி

கண்டி, 1879 ஆகஸ்ட் 9

அன்பு மகன் சந்தியாகுவுக்கு அப்பன் எழுதுவது. நானும் உன் தங்கச்சி மேபலும் சுகம், யாழ்ப்பாணக் குருமடத்தில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறேன், யாரை வேண்டுகிறேன் என்று மட்டும் கேட்காதே. மேபலுக்கு இருமல் விட்டுவிட்டது. ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டங்களில் கோப்பி இலையெல்லாம் நோய் விழுந்து உதிர்கிறது, துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறுகிறார்கள், என் பட்டறையில் பாதி நாள் துருத்திக்கு வேலையில்லை.

உன் கடிதம் கிடைத்தது. நான் மறுபடி மடுவுக்கு நடந்து போய், கோயிலில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் அம்மாவின் ஆண்டுப் பூசைக்கு நீ வருவாய் என்று எழுதியிருக்கிறாய். கேட்க மாட்டேன் மகனே. நம்ம கோயில் மூப்பர் சுவக்கின் எழுதியதை நம்பினாய், என் வாயாலும் ஒரு தரம் கேள். ஏழு வயதில் நீ காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் மடுமாதா கோயிலுக்கு வருகிறேன் என்று நேர்ந்தவள் உன் அம்மா கத்தரீனா. வருஷா வருஷம் ஏதோ ஒரு தடை. கடைசியில் போன வருஷம் அவள் படுக்கையில் விழுந்த நேரம், ஒரு துரை உடைந்ததென்று விட்டுப்போன இரண்டு சக்கர மிதிவண்டியை நான் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துச் சிரித்து, "இதுல என்னைய ஏத்திக்கிட்டு மடுவுக்குப் போங்க, நடக்க எனக்கு ஏலாது" என்றாள். பத்தாம் நாள் போய்விட்டாள். மாதா கேட்டாளா இல்லையா எனக்குத் தெரியாது, கத்தரீனா கேட்டது தெரியும். அதனால் ஆடித் திருநாளுக்கு அவள் செபமாலையைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

மூப்பர், "குந்திக்கிட்டுப் போனா அது நேர்த்தி இல்ல, சவாரி" என்றார். அவர் போனது மாட்டு வண்டியில், மெத்தை போட்டு. மாடு இழுத்தால் பக்தி, மனுசன் மிதித்தால் கூத்தா? நடப்பதுதான் புண்ணியமென்றால், மன்னாரிலிருந்து தோட்டத்துக்கு நடந்தே வந்து, வழியிலேயே செத்து வழியோரக் குழிகளில் கிடக்கிற சனத்துக்கு எத்தனை பூசை வைத்தீர்கள் என்று கேட்டேன். அந்தக் கோபம்தான் உனக்கு வந்த கடிதம்.

நாளைக்குச் சாமியாராகப் போகிறவன் நீ, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மடுவில் மணிக்கணக்காக முழங்காலில் நின்றேன், மனசுக்குள் ஒன்றும் வரவில்லை. ஆனால் போகிற வழியில் பலகடுவை ஏற்றம் தாண்டி மாத்தளைக்கு இறங்கும்போது, காலைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தை அதன் போக்கில் விட்டேன், "கத்தரீனா, கெட்டியாப் புடிச்சுக்க" என்று கத்தினேன், அழுதேன். நான் செபம் என்று ஒன்று செய்திருந்தால் அது அதுதான்.

இன்னொன்றும் உண்டு, மூப்பருக்குத் தெரியாது. தம்புள்ளைக்கு அப்பால் ஒரே மணல், சக்கரம் உருளவில்லை. ஐந்து நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேதான் போனேன், குதிகால் வெடிப்பு இன்னும் ஆறவில்லை. இதைச் சொன்னால் வழக்கு இன்றைக்கே முடிந்துவிடும். நான் சொல்லப் போவதில்லை, நீயும் சொல்லாதே. அந்த ஐந்து நாளுக்காக என்னை மன்னித்து வருவதானால் வராதே. உன் அம்மாவைச் சக்கரத்தில் வைத்து மலை இறங்கினேனே, அதற்காக வா.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. பூசை செப்டம்பர் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. நெற்றியில் சிலுவை போட்டுவிட அம்மா இல்லை, என் கரிக் கையால் போடுகிறேன், வாங்கிக்கொள்.

உன் அப்பன்,
கொல்லன் லோரன்ஸ்