மறுபடி எடுத்த ரத்தம்

5-2-85, செவ்வாய்
கடை விடுமுறை. பாண்டியிலிருந்து வந்த டாக்டர்கள் எங்கள் முடிதிருத்துவோர் சங்கக் கட்டடத்தில் முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள். ஊசிக்குழலில் என் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். அவ்வளவுதான் — கண் விழித்தால் பக்கத்துக் கடை சுப்ராயன் என் முகத்தில் சோடா தெளித்துக்கொண்டிருக்கிறான். தினமும் யார் தாடையிலாவது கீறி ரத்தம் பார்க்கிறவன் நான்!

மஞ்சள்காமாலைக் கிருமி எத்தனை பேர் ரத்தத்தில் ஒளிந்திருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்களாம். ரத்தம் விற்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் ஊசி கழுவுகிறவர்கள், பிறகு நாங்கள். ஜவுளிக்கடைக்காரரை ஏன் கூப்பிடவில்லை? கேட்டேவிட்டேன். "கத்தி புழங்குற கையிங்க, அதான்" என்றார் டாக்டரம்மா. நம்பலாம் போலவும் இருக்கிறது, கூடாது போலவும் இருக்கிறது.

7-2-85
கத்தியைக் கொதிக்க வைக்கச் சொன்னார்களே என்று கடையில் ஸ்டவ் வைத்தேன். வாடிக்கைக்காரர் சேக் அலாவுதீன் பாய் வாசலிலேயே நின்றார். "என்ன தங்கையா, சவரமா சமையலா?" சிரித்தேன். உட்கார்ந்தார், ஆனால் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா?

19-2-85
டாக்டரம்மா வந்து இன்னொரு தடவை எடுத்தார். "சும்மா சரிபார்க்கத்தாங்க." சும்மா யார் பாண்டியிலிருந்து பஸ் ஏறுவார்கள்? முடிவு அடுத்த மாதம்தான் தெரியுமாம்.

சுப்ராயனைக் கேட்டேன். "உங்கிட்ட மறுபடி எடுத்தாங்களா?"

"இல்லியே. உங்கிட்ட?"

"எங்கிட்டயும் இல்ல."

இரண்டு பேரும் முழுக்கைச் சட்டை. இந்தப் புழுக்கத்தில்.

26-2-85
திங்கட்கிழமை சின்னவளுக்கு முடியிறக்கு. மூத்த இரண்டுக்கும் நான்தான் இறக்கினேன். பிஞ்சுத் தலை. ஒரு கீறலாவது விழாமல் இருக்குமா? என் விரலிலும்தான் விழும்.

4-3-85, திங்கள்
குலதெய்வம் கோயில். தாய்மாமன் மடியில் பிள்ளை, அப்பன் கையில் கத்தி — எங்கள் வீட்டு வழக்கம். மாமன் காத்தமுத்துவும் தொழில்காரன்தான். அவன் மடியிலிருந்து பிள்ளையை வாங்கி, "நீயே இறக்கு, உன் கத்தியில" என்றேன்.

"என்ன மச்சான், சீரும் செஞ்சு சவரமும் செய்யணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரி அமுதம் மட்டும் சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

"கண்ணு மங்குது புள்ள."

"நேத்து கடையில மங்கலியா?"

பிள்ளை என் மடியில் வீறிட்டு அழுதாள். முடியெல்லாம் என் வேட்டியில் விழுந்தது.

எங்கிட்டதான் மறுபடி எடுத்தாங்க, அமுதம்.