பாத்ரூம் சாவி

காலையில் டி-சர்ட் மூட்டையைப் பிரித்தேன். புதுப் பெயின்ட் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. மூன்று வருடத்துக்கு முன் நீயும் நானும் போட்டுக்கொண்டு நின்றோமே, அதே ஆரஞ்சு கலர். முதுகில் அதே 'சம்மர் கேம்ப்'. நீதான் இல்லை.

பெரம்பலூரில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாகத்தானே வேலை கேட்டு வந்தோம். "டான்ஸ் தெரியுமா? இங்கிலீஷ்ல பேசுவீங்களா?" என்றார் கரஸ்பாண்டென்ட். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்கு என்ன டான்ஸ் தெரியும், கருமம்! நீ மட்டும், "பாத்ரூம் எத்தன இருக்குங்க சார்? தண்ணி வருதுங்களா?" என்று கேட்டாய். அவர் சிரித்தார். ஆள் கிடைக்காததால் இருவரையும் எடுத்துக்கொண்டார்.

இரண்டே நாளில் உனக்கு எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரிந்துவிட்டது. எது சத்தத்துக்குப் பயப்படும், எது டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோகும் என்பதுகூட. எனக்கு விசில் ஊதத்தான் தெரியும். "மொத நாளே பாத்ரூம் எங்க இருக்குன்னு காட்டிடணும்டி. பாதி அழுவ நின்னுடும்" என்பாய்.

மூன்றாம் நாள் போட்டோ. பெற்றோர் வந்து பார்க்கும்போது பளபளவென்று இருக்க வேண்டுமாம், பாத்ரூமைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் அடக்கிக்கொண்டு நெளிய, கேமராக்காரர் "சிரிங்க, சிரிங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். த்தூ! நீ சாவி கேட்டு ஒவ்வொருவரிடமும் ஓடினாய். என்னிடமும் கேட்டாய். "தெரியலடி" என்றேன். அதற்குள் யூ.கே.ஜி. குட்டி ஒன்று கவுனை நனைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஒளிந்தது. டி-சர்ட்டின் மேலும் துப்பட்டா போடுகிறவள் நீ; குழாயடியில் அவளைக் கழுவி அதைச் சுற்றிவிட்டாய். "ஆயா வேலைக்கா ஒங்கள எடுத்தோம்? நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார் கரஸ்பாண்டென்ட், அத்தனை பேர் முன்னாலும். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நோட்டீசிலும் வந்தது.

அந்த ஐப்பசியில் காய்ச்சலில் படுத்தவள் நீ எழுந்திருக்கவேயில்லை. உடையார்பாளையத்தில் உன் வீட்டு வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னப் பத்தியேதாம்மா பேசிக்கிட்டு இருப்பா" என்றார். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்த கோடையில் கேம்ப் இன்சார்ஜ் வேலை கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இன்று இந்த வருடத்துக்கான இன்டர்வியூ. கீழப்பழுவூரிலிருந்து வந்த ஒரு பெண், "புள்ளைங்க வூட்டுக்குப் போற வரைக்கும் பாத்ரூம் தொறந்திருக்குங்களா?" என்று கேட்டாள். கரஸ்பாண்டென்ட் அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்து, நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று என் பக்கம் திரும்பினார்.

"இவங்கள எடுங்க சார். இல்லேன்னா நானும் வரல. பாத்ரூம் சாவியும் இனிமே என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். திங்கட்கிழமை கேம்ப். வேறு வழியில்லாமல் அவளை எடுத்துக்கொண்டு, சாவியை மேசைமேல் விட்டெறிந்தார்.

இப்போது அது விசிலோடு என் கழுத்தில் தொங்குகிறது. என்னை மெச்சிக்கொள்ளாதே. அன்றைக்கு நீ ஓடி வந்து கேட்டபோது, இதே சாவி என் பேன்ட் பையில்தான் இருந்தது. போட்டோ முடிகிறவரை யாருக்கும் கொடுக்காதே என்று அவர் சொல்லியிருந்தார்.