முதலில் மூக்கு, பிறகு சாவி

பிப்ரவரி 3, திங்கள்

படகுச் சங்கத்தில் மதிய உணவு. மீன் வறுவல் ஈரத் துணிபோல இருந்தது. குறை சொன்னது நான் ஒருத்திதான், வழக்கம்போல. அடுத்த மேசையிலிருந்து மெர்வ் டக்கெட் குரல் கொடுத்தார்: "என்ன லியோனி, பெட்ரோல் படகுல பாஸ் ஸ்ட்ரெய்ட்ட தாண்டப் போறீங்களாமே? சாக ஆசையா, இல்ல பேப்பர்ல பேர் வரணுமா?"

"ரெண்டும் இல்ல மெர்வ். உங்க பேச்சு காதுல விழாத தூரத்துக்குப் போகணும், அவ்வளவுதான்."

மெர்வுடைய படகு டீசல். டீசல்காரர்கள் ஒரு தனி மதம். பெட்ரோல்காரர்கள் எல்லோரும் நரகத்துக்குப் போவார்கள் என்பது அவர்களுடைய விசுவாசப் பிரமாணம். அதுவும் வெடித்துப் போவார்களாம்.

மார்ச் நடுவில் புறப்படுகிறேன், டாஸ்மேனியாவுக்குப் போகும் அந்த ஜலசந்தியில் முதலில் டீல் தீவில் ஓர் இரவு, மறுநாள் ஃபிளிண்டர்ஸ் தீவு என்று மண்டபம் முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். இனிப் போகாமல் இருக்க முடியாது. என் கணவர் கிளாரி முப்பது கோடைகள் "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் அடுத்த வருஷத்தில் இறந்தும் போனார். எனக்கு எழுபத்தாறு. அடுத்த வருஷங்களை நம்பும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கடல்வரைபடம் சாப்பாட்டு மேசையை முழுவதும் பிடித்துக்கொண்டது. நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

படகின் பெயரும் லியோனி. "ரெண்டு பேருக்கும் தாகம் ஜாஸ்தி" என்று கிளாரி விருந்தாளிகளிடம் சொல்வார். இது நகைச்சுவையாம். ஆனால் படகைப் பொறுத்தவரை உண்மை. எதிர்காற்று என்றால் குடித்துக்கொண்டே இருக்கும். கணக்கு எளிது: பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கடவுளுக்கு, எதிர்பாராததற்காக. நம் ஆண்கள் கடவுளின் பங்கில்தான் முதலில் கை வைப்பார்கள்.

மெல்போர்னிலிருந்து டேமியன் பேசினான். "அம்மா, அந்தப் படக வித்துடலாம்மா. கார் கப்பல்ல டாஸ்மேனியா போங்க. பாத்ரூமோட ரூம் தருவாங்க."

பெற்ற மகன் என் வாழ்க்கையின் உச்சமாகக் கண்டது இதைத்தான். பாத்ரூமோடு ஓர் அறை.

கடைசியில் ஒரு நிபந்தனையில் இறங்கிவந்தான்: தனியாகப் போகக் கூடாது, ஏதாவது கோளாறு என்று காதில் விழுந்தால் மறுநாளே படகு விற்பனைக்கு. படகின் பத்திரத்தில் பாதி அவன் பெயரில் இருக்கிறது, கிளாரியின் தயவால்.

பிப்ரவரி 8, சனி

துணைக்கு வரச் சம்மதித்தது ஒரே ஆள். கிளாரியின் தங்கை ஊனா. "அண்ணி, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சாண்ட்விச் நல்லாப் போடுவேன்!" கொலம்பஸுக்குக்கூட இப்படி ஒரு மாலுமி வாய்த்திருக்க மாட்டான்.

ஒன்று சொல்லவேண்டும்: ஊனா வருவதற்கு முன் அவளுடைய சென்ட் வந்து கதவைத் தட்டும் என்பது ஊரறிந்த விஷயம். இந்தக் கோடையில் எவ்வளவோ குறைத்துவிட்டாள். வயது சிலரைத் திருத்துகிறது.

பிப்ரவரி 15, சனி

ஊனா படகில் கால் வைத்ததும் ஆவி எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு டேமியன் வாங்கிக் கொடுத்தது. படகின் அடியில் பெட்ரோல் ஆவி தேங்கினால் கத்தவேண்டும். ஊனாவைப் பார்த்துக் கத்துகிறது. அவள் படகுத்துறைக்கு இறங்கினால் நிற்கிறது, ஏறினால் கத்துகிறது.

"என் சென்ட்டுதான் அண்ணி. நம்ம சர்ச்சுல பூ வைக்கிற டோரீனுக்கும் இப்படித்தான் தும்மல் வரும்."

ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். கிளாரி காலத்தில் கருவியா இருந்தது? விசிறியைப் போட்டு அடியில் இருக்கும் காற்றை வெளியேற்று. பிறகு எஞ்சின் அறை மூடியைத் திறந்து, தலையைவிட்டு, முகர்ந்து பார். முதலில் மூக்கு, பிறகு சாவி. எங்களவர்கள் ஐம்பது வருஷமாக இப்படித்தான் செய்கிறார்கள்.

பிப்ரவரி 19, புதன்

ரொட்டி கருகிப் புகைமணி அடித்தது. நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஜூலைக் காய்ச்சலுக்குப் பிறகு மூக்கில் கொஞ்சம் அடைப்பு.

அடைப்பு. அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, வியாழன்

வினிகர், காப்பித்தூள், யூகலிப்டஸ் தைலம் மூன்றையும் வரிசையாக வைத்து முகர்ந்து பார்த்தேன். தைலம் கண்ணில் நீர் வரவழைத்தது. மணம் வரவில்லை.

வேண்டுமானால் தைலம் பழசாக இருக்கும்.

மார்ச் 1, சனி

இன்று வெள்ளோட்டம். பெட்ரோல் நிரப்பினேன். விசிறியைப் போட்டேன். மூடியைத் திறந்து, மண்டியிட்டு, தலையை உள்ளேவிட்டு, முறைப்படி மூச்சிழுத்தேன். "சுத்தம்" என்று அறிவித்தேன். சாவியில் கை வைத்தேன். அப்போதுதான் ஊனா சாண்ட்விச் கூடையோடு ஏறினாள்.

"அண்ணி! நில்லுங்க! என்ன இது, பெட்ரோல் பங்க் மாதிரி நாறுது!"

"உன் சென்ட்டு உனக்கே திரும்பி வருது."

"இன்னிக்கு சென்ட்டே போடல அண்ணி! அந்தக் கருவி கத்துச்சேன்னு போடாம வந்தேன். கைய எடுங்க!"

கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அதட்டியதே இல்லை. தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தோம். நிரப்புக் குழாய் விரிசல் விட்டிருந்தது. அடியில் தேங்கிய நீர்மேல் வானவில் நிறத்தில் பெட்ரோல் படலம். விசிறியின் குழாய் அந்த மூலைக்கு எட்டவே இல்லை. அதே இடம்... நான் தலையைவிட்டு மூச்சிழுத்த அதே இடம்.

ஒரு திருகு. ஒரு பொறி. படகுத்துறையில பசங்க மீன் பிடிச்சிட்டு இருந்தாங்க. என்ன காரியம் பண்ண இருந்தே லியோனி? ஒனக்குத் தெரியும். பத்து நாளாத் தெரியும். தைலம் பழசாம்!

ஊனா சிதறிய சாண்ட்விச்களைப் பொறுக்கிக் கூடையில் வைத்தாள். என் மூக்கைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

மார்ச் 3, திங்கள்

புதுக் குழாய் போட்டாகிவிட்டது. கருவியின் ஒயரையும் மாட்டினேன். குழாய் மாற்றியவர் டேமியனுக்குத் தெரிந்தவர் இல்லை. விசாரித்துக்கொண்டேன்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வண்டி நிறுத்துமிடத்தில் ஊனாவை நிறுத்தினேன். பாதிரியாரிடம் சொல்லியிருந்தால் மூன்று அருள்நிறை மரியே ஜெபத்தோடு முடிந்திருக்கும். இவளிடம் சொல்வதுதான் கஷ்டம்.

"ஊனா, எனக்கு மூக்கு போயிடுச்சு. ஒண்ணும் தெரியல. பெட்ரோலும் தெரியல, உன் சென்ட்டும் தெரியல."

"அதான பாத்தேன்! இந்த வருஷம் ஒரு தடவகூட என் சென்ட்டத் திட்டலியே, அண்ணிக்கு என்மேல பிரியம் வந்துடுச்சோன்னு நெனச்சேன்."

சிரிக்கத் தோன்றியது. சிரிக்கவில்லை. பயணத்தை ரத்து செய்யப்போகிறேன், மெர்வ் டக்கெட் ஒரு மாதம் இதை வைத்தே விருந்து சாப்பிடட்டும் என்றேன்.

"ரத்தா? எனக்கு மூக்கு இருக்கே. தவக்காலத்துக்கு சென்ட்ட விட்டுடறேன். ஆனா ஒண்ணு அண்ணி. நான் சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க சாவியத் தொடக்கூடாது. நீங்கதான் கேப்டன்னு சண்டைக்கு வரக்கூடாது."

"டேமியன்?"

"அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா சொல்லாம நான் ஏற மாட்டேன்."

சாண்ட்விச் மட்டும்தான் போடத் தெரியும் என்று யார் சொன்னது?

மார்ச் 6, வியாழன்

ஊனாவைப் பக்கத்தில் உட்காரவைத்து டேமியனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். குழாய், மூக்கு, சாவி, எல்லாம். படகு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு டேமியன் கேட்டான்: "அத்தை மூக்கு நல்லா இருக்கா?"

"வேட்டை நாய் தோத்துடும்."

"அத்தைகிட்ட போனக் குடுங்க. நான் அவங்களோட பேசிக்கறேன்."

எழுபத்தாறு வயதில் என் பயணத்துக்கு என் நாத்தனார் ஜாமீன்.

மார்ச் 16, ஞாயிறு, டீல் தீவு

நேற்றைய கடல் நல்லபிள்ளையாக இருந்தது. கடவுளின் பங்கைத் தொடவே இல்லை. காலையில் குன்றில் ஏறிப் பார்த்தோம். தென்கிழக்கில் ஃபிளிண்டர்ஸின் மலை, நீலமாக, ரொம்பவும் அலட்சியமாக நின்றுகொண்டிருக்கிறது.

கூடக் கொண்டுவந்த கேன்களிலிருந்து பெட்ரோலைத் தொட்டிக்கு மாற்றியாகிவிட்டது. விசிறி ஓடி முடிந்தது. கருவி வாயை மூடிக்கொண்டிருக்கிறது. ஊனா தரையில் குப்புறப் படுத்து, மூடிக்குள் தலையை விட்டிருக்கிறாள். வெளியே தெரிவது அவளுடைய பூப்போட்ட கால்சட்டை மட்டும்.

"என்ன ஊனா?"

"இருங்க அண்ணி. இன்னொரு மூலை பாக்கி."

இந்தப் படகில் அத்தனை மூலைகள் கிடையாது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இழுக்கட்டும். உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.