தேங்காய்ப்பால் விட்ட பருப்பு

9 நவம்பர், ஞாயிறு. தெற்குக் காற்று. வானம் செம்மண் நிறம்.

இல்லை, அவரைத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

ஒழுங்காக எழுதுகிறேன்.

கியாராவின் பிறந்தநாள். நகர நடுவில், பொலிதேயாமா தியேட்டர் பக்கம் ஓர் இந்திய உணவகம், மதியச் சாப்பாடு. ஐந்து பேர்: கியாரா, நான், வகுப்பில் இன்னும் இரண்டு பேர், கியாராவின் அண்ணன் தவிதே. இடத்தைத் தெரிவுசெய்தது கியாரா. எனக்காக. "உன் நாட்டுச் சாப்பாடு." இலங்கை என்று முதல் வருடம் ஒருமுறை சொன்னேன். "பக்கத்தில்தானே" என்றாள். அதோடு விட்டேன். மூன்று வருடம்.

இந்திய உணவகத்துக்குள் நான் போவது இதுவே முதல் தடவை. சோறு கறியை வெளியில் போய் வாங்கிச் சாப்பிடுவார்களா என்பது அம்மாவின் கட்சி. நேற்றே இணையத்தில் மெனுவைப் பார்த்துப் பாடமாக்கியிருந்தேன். பனீர்: பாற்கட்டி. ராய்த்தா: தயிர், வெள்ளரிக்காய். நான்: ரொட்டி. தால்: பருப்பு. பரீட்சைக்குப் போவதுபோல.

மெனு நேரே என் கைக்கு வந்தது. "நீயே சொல்லு. உனக்குத்தானே தெரியும்." சொன்னேன். தயங்காமல்.

தால் வந்தது. முதல் கரண்டி. உள்ளி, தேங்காய்ப்பால், இறக்கியபின் பிழிந்த தேசிக்காய். யார் கை என்று உடனே தெரிந்தது.

ஜெயா அன்ரி. சீசா வட்டாரத்தில் எங்கள் கட்டடம், இரண்டு மாடி கீழே. ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வரை, அம்மா ஓர் இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டு வேலை முடித்து வரும்வரை, பள்ளி விட்டு வந்த எனக்குச் சோறு தந்தவர். அவர் பராமரித்த கிழவி ஆகஸ்டில் இறந்துவிட, ஏதோ உணவகத்தில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது என்று அம்மா சொன்னார். எந்த உணவகம் என்று நான் கேட்கவில்லை.

தவிதே ராஜஸ்தானில் ஒரு மாதம் சுற்றியவன். "அங்கே தால் இப்படி இருக்கவில்லையே. இதில் தேங்காயா? இது சரியா?"

நாலு முகமும் என் பக்கம்.

"சரியில்லை," என்றேன். "தாலில் தேங்காய்ப்பால் விடக்கூடாது."

அதோடு நின்றிருக்கலாம். கியாரா முதலாளியைக் கூப்பிட்டாள். பஞ்சாப்காரர், நரைத்த தாடி. அவரிடமும் சொன்னேன். என் நல்ல இத்தாலியனில், விளக்கமாக. அவர் ஒரு கரண்டி எடுத்து ருசித்தார். சமையலறைக் கதவைத் தள்ளி யாரையோ கூப்பிட்டார்.

வந்தார். தலையில் நீல வலை. என்னைப் பார்த்தார். சாப்பிட வந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

"ஸ்கூஸி, சிஞ்ஞொரீனா."

மன்னிக்கவேண்டுமாம். என்னைத் துசி என்றும் பிள்ளை என்றும் எருமை என்றும் கூப்பிட்ட வாய்.

மேசைவிரிப்பைப் பார்த்தேன். சிவப்பு. ஓரத்தில் யானைகள். பதினொன்று வரை எண்ணினேன்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். வேறு தால் வந்தது. இதுதான் தால் என்றார்கள். நான் தொடவில்லை.


10, திங்கள். காற்று நின்றுவிட்டது. பல்கனியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் மண். திரும்பத் தோய்க்கவேண்டும்.

இரண்டு மணிக்கு அம்மா வேலையால் வந்தார். சப்பாத்தைக் கழற்றுமுன்னரே:

"ஜெயாக்கு அங்கை பிரச்சினையாம்."

"என்ன பிரச்சினை?"

"நேற்று ஆரோ வந்து பருப்புச் சரியில்லை எண்டு சொன்னதாம். முதலாளி வெள்ளிக்கிழமைதான் முடிவு சொல்லுவாராம்."

"ஆராம்?"

"ஆரோ இத்தாலிக்காரக் குமர் எண்டாள். கொழுப்பு. பருப்பெண்டா என்னெண்டு தெரியாததுகள் எல்லாம் பிழை சொல்ல வந்திடுங்கள். என்ன?"

"ஓம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன எல்லாவற்றையும்விட அசிங்கம் இந்த ஓம்.

ஜெ. அன்ரியின் பெர்மெசோ, இங்கே வசிக்கும் அனுமதி, ஜனவரியில் முடிகிறது. புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். கிழவி வீட்டு ஒப்பந்தம் கிழவியோடு போய்விட்டது. உணவகத்தில் இரண்டு கிழமை சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். பிடித்தால் ஒப்பந்தம். இல்லையென்றால் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் எந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பது? வெங்காயம் உரித்தபடி அம்மா என்னிடம் கேட்டார். படித்த பிள்ளை என்பதால்.

வாசிக்க இருந்தது: அழகியல், இரண்டு அத்தியாயம். வாசித்தது: தலைப்பு.


12, புதன். மழை. லிஃப்ட் திரும்பவும் பழுது.

(செவ்வாய் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு தடவை அவர் கதவைத் தாண்டிச் சத்தமில்லாமல் இறங்கினேன். அவ்வளவுதான் செவ்வாய்.)

புதன் உணவகம் பூட்டு. அன்ரி வீட்டில் இருப்பார். மணியடித்தேன்.

"வா. சப்பாத்தை வெளியிலை விடு, ஈரம்."

"அன்ரி, ஞாயிற்றுக்கிழமை..."

"அந்தப் பெடியன் நல்ல உயரம். உன்ரை ஆளோ?"

"ஐயோ இல்லை. சினேகிதியின்ரை அண்ணன்."

"அப்ப தப்பினாய். சோத்தை முள்ளுக்கரண்டியாலை குத்திக் குத்திச் சாப்பிடுறான், கோழி கொத்துற மாதிரி."

பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும்.

"கதவிலை வட்டமாக் கண்ணாடி இருக்கெல்லே. நீ உள்ளுக்கை வரேக்கையே கண்டிட்டன். ஓடர் துண்டிலை தால் எண்டு கிடந்தது. எங்கடை பிள்ளை வந்திருக்கு, உந்தத் தக்காளிப் பருப்பு அதுக்கு இறங்காது எண்டு நினைச்சன். மீனுக்கு வைச்சிருந்த தேங்காய்ப்பால் பேணியை வெட்டினன்."

எனக்காக. அது தவறிப்போய்ச் சேர்ந்த தேங்காய்ப்பால் இல்லை.

"நீ இந்தியாக்காரியா வந்திருக்கிறாய் எண்டு எனக்கென்ன தெரியும்?" சிரித்தார். குத்தல்தான். ஆனாலும் உண்மையான சிரிப்பு. ஏசியிருக்கலாம்.

"ஏன் என்னைத் தெரியாத மாதிரி நிண்டனீங்கள்?"

"நீதானே முதல்லை குனிஞ்சனீ." உண்மை, ஞாயிறு அதை எழுதாமல் விட்டேன். அன்ரி அடுப்பைக் குறைத்தார். "உன்ரை ஆக்களுக்கு முன்னாலை உன்னை ஏன் வெக்கப்படுத்துவான்."

"முதலாளியிட்டை நான் போய்ச் சொல்லட்டோ?"

"வேண்டாம். ஏன் தேங்காய்ப்பால் எண்டு கேட்டவர். மறந்துபோனன் எண்டிட்டன். தெரிஞ்ச ஆக்களுக்கு வேறையாச் சமைச்சனான் எண்டு தெரிஞ்சா அது இன்னும் பிழை. நீ படிக்கிற வேலையைப் பார். சாப்பிட்டியோ?"

சாப்பிட்டேன் என்றேன். பொய். அடுப்பில் என்ன இருந்தது என்று மணத்திலேயே தெரியும்.


13, வியாழன். வெயில். பல்கலை.

முதலாளியிடம் சொல்லக்கூடியவை:
– அது என் பிழை. (எதையும் சொல்லாத வசனம்.)
– அவருக்குத் தால் சமைக்கத் தெரியும். (எப்படித் தெரியும் என்பார்.)
– அவர் எனக்காகச் சமைத்தார். (அன்ரி வேண்டாம் என்றது.)
– நான் இந்தியாக்காரி இல்லை.

கடைசியிலிருந்துதான் தொடங்கவேண்டும் போல. கோப்பி இயந்திரத்துக்கு முன்னால் கியாராவிடம் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும்.

தன் கோப்பிக்கும் சில்லறை போட்டாள். பிறகு: "எனக்கு அந்த முதல் தால் பிடித்திருந்தது. நீ சரியில்லை என்றதும் கரண்டியை வைத்துவிட்டேன்."

கோப்பி கைக்குள்ளேயே ஆறிவிட்டது.


14, வெள்ளி. வெயில், குளிர். வீட்டில் மரக்கறி நாள். விரிவுரைக்குப் போகவில்லை.

பதினொன்றரை. உணவகம் இன்னும் திறக்கவில்லை. முதலாளி கைத்துடைகளை முக்கோணமாக மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். வரிசை குழம்பிவிட்டது. இந்தியா இல்லை, தால் சாப்பிட்டதில்லை, ஏழு வயது, இரண்டு மாடி கீழே, அவர் மறக்கவில்லை.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "உன் பேச்சை நம்பித்தான் அன்றைக்கு அவளை ஏசினேன்," என்றார்.

"தெரியும்."

"மறதி என்றால் ஒரு மாதிரி. ஆள் பார்த்துச் சமைப்பது வேறு மாதிரி. எது எனக்கு மோசம், நீயே சொல்லு."

அன்ரி சொன்னது இதைத்தான்.

சமையலறைக் கதவுக் கண்ணாடிக்குத் தெரியாத மூலையைக் காட்டி உட்காரச் சொன்னார். சமையலறைப் பக்கம் குரல்கொடுத்தார்: "ஒரு தால்." யாருக்கு என்று சொல்லவில்லை.

அவரே கொண்டுவந்தார். சீரகம், தக்காளி, மல்லியிலை. மெனுப் படத்தில் இருப்பதுபோலவே. ஒரு கரண்டி எடுத்து ருசித்தார். பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"இது சரியா?"

அதே கேள்வி.

"எனக்குத் தெரியாது," என்றேன். "நான் இதை ஒருநாளும் சாப்பிட்டதில்லை."

தாடியைத் தடவினார். "இன்னும் ஒரு கிழமை பார்க்கிறேன். அதுவரை தேங்காய்ப்பால் பேணிகளுக்குப் பூட்டு."

ஒரு கிழமை. ஒப்பந்தம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் வாங்கிக்கொடுத்தது இதுதான். வேண்டாம் என்றதை மீறி.

நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் புளிப்பு. முடித்தேன். அதற்குள் திறந்துவிட்டார்கள், இரண்டு மேசை நிறைந்துவிட்டது, அலுவலகத்து ஆட்கள்.

கிண்ணத்தை நானே எடுத்துக்கொண்டு அந்த மேசைகளுக்கு நடுவால் போனேன். சமையலறைக் கதவைத் தள்ளினேன். "அன்ரி" என்று கூப்பிட்டேன், எல்லாருக்கும் கேட்க.