சஹருக்கு எழுப்பியது நான்தான்

அன்பு மகன் ஷாநவாஸுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்டபடி இருக்கிறேன். ஒசாகாவில் குளிர் விட்டதா? போனில் சொல்லலாமென்றால் உன் அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். உன் தங்கை நிலோஃபர் இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

இந்த வாரம் அத்தாவுக்கு மருந்து ஏற்றவில்லை, மகனே. திருச்சியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், வெள்ளை அணு இறங்கிவிட்டது, உடம்பில் நீர்ச்சத்தே இல்லை, சாப்பிடுகிறாரா என்று கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறார் என்று வாய் கூசாமல் சொன்னேன். வெளியே வரும்போது அத்தா கண் இருட்டிச் சுவரைப் பிடித்ததும் திரும்ப உள்ளே ஓடி, நோன்பு வைக்கிறார் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. உடம்பு தேறட்டும், பிறகுதான் மருந்து என்றார். திட்டியிருந்தால் தேவலை. வயிற்றுக் கட்டி அதுவரைக்கும் சும்மா இருக்குமா? விடியுமுன் சஹருக்கு எழுப்பிச் சோறு போட்டது நான்தான். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, குணமான பிறகு வைக்கலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வந்து சொன்னார். அவர் போனதும் அத்தா என்னிடம், "பொறகு வைக்க நான் இருப்பேனா, நிஷா" என்று கேட்டார். மறுநாளும் சஹருக்கு எழுப்பினேன். அத்தாவுக்கு ஏற்றும் நானோ மருந்தைப் பற்றி நீ அவருக்குப் புரியும்படி சொன்னாயே, ஐஸ் பெட்டியில் மீன் போவதுபோல் மருந்து சின்னத் துகளுக்குள் பத்திரமாகப் போய்க் கட்டியில் சேரும் என்று. அதைப் பிடித்துக்கொண்டேன். மருந்துதான் நேரே கட்டிக்குப் போகிறதே, வயிறு காலியாக இருந்தால் என்ன என்று நானே சொல்லிக்கொண்டேன். மற்ற இடத்துக்கும் கொஞ்சம் போகும், அதைத் தாங்க முட்டையும் பாலும் கொடும்மா என்று நீ சொன்னதும் காதில் விழத்தான் செய்தது. உன் மேல் தப்பில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இப்போது பகலில் கஞ்சி கொடுக்கிறேன். தெருவே நோன்பிருக்கையில் சாப்பிட வெட்கப்பட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார், பாதியிலேயே கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறார். நீ மதியம் போன் பண்ணு, நோன்புப் பேச்சை எடுக்காதே, அத்தாவைத் திட்டாதே, என்னைத் திட்டிக்கொள். அடுத்த வருஷ நோன்புக்கு ஊருக்கு வருகிறேன், சேர்ந்து வைப்போம் அத்தா என்று சொன்னால் கிண்ணம் காலியாகும். ஆனால் அதுவரை அந்த மருந்து கைகொடுக்கும் என்று உனக்குத் தெரிந்தால் மட்டும் சொல், மகனே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். சஹரைத் தவறவிடாதே, வெறும் தண்ணீரோடு நோன்பு வைக்காதே.

உன் அம்மா
பரக்கத் நிஷா
கோட்டைப்பட்டினம்