கேமரா கீழே பார்த்தபோது

பாய்,

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்று ஒருவர் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ரப்பர் வாசனை என்னை உங்கள் பட்டறைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

கல்யாண வீடியோவுக்காக நான் வாங்கிய சின்ன ட்ரோனின் கேமரா நேர் எதிரே மட்டும்தான் பார்க்கும். அதைக் கீழ்நோக்கிச் சாய்க்க ஒரு தாங்கி வேண்டும் என்று, பைக் மெக்கானிக்கான உங்களிடம் வந்தேன். முதலில் அலுமினியத் தகட்டில் செய்தீர்கள். கனம் தாங்காமல் ட்ரோன் தலை கவிழ்ந்தது. பிறகு டிபன் டப்பா மூடியை அறுத்து, விரல்நுனி அளவு மோட்டாரைப் பொருத்தி, படம் நடுங்காமலிருக்க இடையில் டியூப் துண்டுகளைச் செருகினீர்கள். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் எளைக்கணும்" என்று மறுபடி அரத்தை எடுத்தீர்கள்.

சோதித்துப் பார்க்க ஆர்.கே.பேட்டை பக்கம் ஓர் ஏரிக்கரைக்குப் போனோம். மழை விட்டு வெயில் அடித்திருந்தது. ஏரி தளும்பி நின்றது. கேமரா நீங்கள் நினைத்தபடியே சாய்ந்ததும் நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை, போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கரையின் வெளிப்புறச் சரிவு காய்ந்து வெளுத்திருக்க, ஓரிடம் மட்டும் கசிவு ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. இறங்கிப் போய்க் கை வைத்தீர்கள். மண் குழைந்து கை உள்ளே போனது. நேர் கீழே, செங்கல் சூளை ஆட்களின் குடிசைகள்.

வீடியோவை அதிகாரிகளுக்கு அனுப்பினோம். காலையில் மணல் மூட்டைகளோடு வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் ஆந்திரா பக்கம் வானம் இருண்டுவிட்டது. ரோட்டில் நின்று, வருகிறவர்களை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்படி என்னிடம் சொல்லிவிட்டு, நீங்கள் ஆட்களைக் கிளப்பக் குடிசை குடிசையாகப் போனீர்கள். மழை பிடித்துக்கொண்டது. கடைசியாக போனில் பேசினீர்கள்.

"எல்லாரும் வந்துகினு இருக்காங்க. ஒருத்தர் மட்டும் ஆட்டை அவுக்கத் திரும்பிப் போயிட்டாரு. கூட்டிகினு வந்துடறேன்."

கரை உடைந்த சத்தம் பெரிதாக இல்லை, பாய். லாரியிலிருந்து மண் கொட்டுவதுபோல இருந்தது, அவ்வளவுதான். அந்த ஆட்டுக்காரர் புளியமரக் கிளையைப் பிடித்துப் பிழைத்தார். நீங்கள்தான் தன்னை மேலே தள்ளிவிட்டதாகச் சொன்னார். உங்களை மறுநாள் கரும்புத் தோட்டத்தில் கண்டெடுத்தோம்.

கரையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். ஆனாலும் மழைக்காலத்தில் நான் கல்யாண வேலை எடுப்பதில்லை; நீங்கள் செய்த தாங்கியோடு ட்ரோனை ஏரிக்கரைகளின் மேல்தான் பறக்கவிடுகிறேன். எங்கே ஈரச் சுவரைக் கண்டாலும் கை தானாகத் தொட்டுப் பார்க்கிறது.

சற்று முன் அந்த ஆட்டுக்காரர் போனில் கூப்பிட்டார்.

"மேகம் கட்டிகினு வருது. வரீங்களா?"

"ஆங், கெளம்பிட்டேன்" என்றேன்.